சேரன்மகாதேவிப் பந்தியும் எட்டயபுரத்துப் பந்தியும்

பள்ளிக்கூடத்தோடு பெற்றோர் மல்லுக்கு நிற்பதற்குக் காரணங்கள் பல உண்டு. குறைந்துபோன மார்க்கு, பிரம்படி, கட்டணம், பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது. இவற்றில் பெரும்பாலானவை வகுப்பு வாசலிலேயே பேசித் தீர்ந்துவிடும். சாப்பாட்டுத் தகராறு மட்டும் அப்படித் தீராது. தாமிரபரணிக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பந்தியில் கிளம்பிய தகராறு 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளந்துவிட்டது. அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பந்தி மாநிலம் முழுதும் பரவியது. முதலாவது சேரன்மகாதேவி. இரண்டாவது எட்டயபுரம்.

இரண்டையும் சாதி ஒழிப்பு வரலாற்றிலும் கட்சி வரலாற்றிலும் வைத்துப் பேசுவதே வழக்கம். நான் இங்கே பார்க்க நினைப்பது அதைவிடச் சின்ன விஷயம். பள்ளியை நடத்தியவர்கள் பெற்றோரிடம் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் அது.

ஒப்பீடு முழுக்க நேரானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேரன்மகாதேவியில் இருந்தது பிள்ளைகள் தங்கிப் படித்த குருகுலம். தனியொரு மனிதரின் கனவு. எட்டயபுரத்தில் நடந்தது காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கான அரசுத் திட்டம். அங்கே கன்னடியன் கால்வாய் பாயும் நஞ்சை; இங்கே வானம் பார்த்த கரிசல். ஆனாலும் இரண்டு இடத்திலும் ஆசிரியரை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்த தகப்பனும் தாயும் இருந்தார்கள். அந்த ஒப்படைப்பில் சோறும் அடக்கம்.

குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி வரகனேரிக்காரர். பாரிஸ்டர் படிப்புக்கு இலண்டன் போய் அங்கே இந்தியா ஹவுஸ் புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார். போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டுக் காலம் இருந்தார். 1920-இல் வெளியே வந்து ‘தேசபக்தன்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த எழுத்துக்காக பெல்லாரிச் சிறைக்குப் போனார். சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். விடுதலையாகி வந்தவர் 1922-இன் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். அது பிறகு கிழக்கே சேரன்மகாதேவிக்கு இடம் மாறியது. பரத்வாஜ ஆசிரமம் என்பது அதன் பெயர். தாய்மொழியில் படிப்பு, கைத்தொழில், உடற்பயிற்சி, தேசப்பற்று எல்லாம் சேர்ந்த கல்வி. துரை வேலைக்கு ஆள் தயாரிக்கிற பள்ளிக்கூடங்களுக்கு மாற்றாக அதை நினைத்தார். ‘பாலபாரதி’ என்று ஒரு மாதப் பத்திரிகையும் அங்கிருந்து நடத்தினார்.

பணம் நாலா பக்கமிருந்தும் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது. செட்டிநாட்டு வணிகர்கள் கொடுத்தார்கள். கடல் கடந்து மலேயாவில் பிழைத்த தமிழர்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாதார். தங்கள் பிள்ளைகளும் மற்றவர் பிள்ளைகளும் ஒன்றாக வளரும் ஓர் இடத்துக்குக் கொடுப்பதாக நினைத்தே கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் அந்த வாக்கு வருகிறது. குருகுலத்தில் சேர்ந்த இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் மக்கள் மற்றவர்களோடு பந்தியில் உட்காரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். ஐயர் சம்மதித்தார். அவருக்கு அப்படிப்பட்ட ஆசாரம் எதுவும் கிடையாது. எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறவர். இலண்டனிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்த வாழ்க்கையில் அதற்கு இடமும் இல்லை. பெற்றோர் மனத்தை மதிக்க வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற இரண்டுமே அவரை அங்கே நிறுத்தின.

செய்தி வெளியே வந்தது ஒரு பையன் வாயால். பிற்காலத்தில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தம் மகனை அந்தக் குருகுலத்தில் சேர்த்திருந்தார். அங்கே இரண்டு விதம் நடக்கிறது என்று பையன் சொல்ல, அது பெரியார் காதுக்குப் போயிற்று. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனி இடம், உப்புமா. மற்றவர்களுக்கு வேறிடம், பழையது என்று பெரியார் பின்னாளில் மேடையில் பலமுறை சொன்னார். ஐயர் தரப்பினர் அந்த விவரத்தை ஏற்கவில்லை. இரண்டு பிள்ளைகள் தனியே சாப்பிட்டார்கள், அவ்வளவுதான் என்றார்கள். உப்புமா விஷயத்தில் யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணம் கொடுத்தவர்களும் பிள்ளையை விட்டவர்களும் இந்த ஏற்பாட்டைக் குருகுலத்துக்காரர்களிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை. ஒரு சிறுவனிடமிருந்து தெரிந்துகொண்டார்கள். பள்ளிச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோகிற முதல் நிருபர் எப்போதும் பிள்ளைதான். தலைமையாசிரியர் எழுதிவைத்த சுற்றறிக்கைக்கும் அவன் கொண்டுபோகும் தகவலுக்கும் முரண் வந்தால், வீட்டில் நம்பப்படுவது அவனே.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராக இருந்த பெரியார் மீதித் தொகையை நிறுத்தினார். வரதராஜுலு நாயுடு தமது ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1925 மார்ச்சில் சென்னைக்கு வந்த காந்தியிடம் விஷயம் போயிற்று. கொடுத்த வாக்கு அந்த இருவர் மட்டில் இருக்கட்டும், இனிச் சேர்பவர்களுக்கு அந்த விலக்கு வேண்டாம் என்ற வகையில் அவர் சமரசம் சொன்னார். ஏப்ரல் கடைசியில் திருச்சியில் கூடிய கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்றது. இராஜாஜி உள்ளிட்ட சிலர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். மே 2 அன்று ‘குடி அரசு’ முதல் இதழ் வந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். ஐயர் அதைப் பார்க்க இல்லை. ஜூன் மாதம் குருகுலத்துப் பிள்ளைகளோடு பாபநாசம் போனபோது, அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு தாமும் போய்ச் சேர்ந்தார். நாற்பத்து நான்கு வயது.

காந்தி சொன்னதை இன்று படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். வாக்கு வாக்குதானே? ஆனால் அந்த வாக்கு இரண்டு பெற்றோருக்கு மட்டும் கொடுத்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தனிப் பந்தி என்று ஒப்புக்கொண்ட அந்த நிமிடத்தில், மற்ற எல்லாப் பெற்றோரின் பிள்ளைகளும் தள்ளி உட்காரவேண்டியவர்கள் என்பதும் முடிவாகிவிட்டது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஐயர் அந்த வாக்கை எல்லாப் பெற்றோரையும் கூட்டிவைத்துப் படித்துக் காட்டியிருக்க முடியுமா? முடியாதென்றால், அதைக் கொடுக்கிற உரிமையும் அவருக்கு இருந்திருக்காது. இதில் அவர்மேல் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அலைகிற எந்தப் பள்ளி நிர்வாகியும், சேர்க்கை நாளில் பெற்றோர் காதோடு கேட்கிற சின்னச் சலுகைக்குத் தலையாட்டி விடுவார். இன்றைக்கும் ஆட்டுகிறார்கள்.

இனி எட்டயபுரம்.

சேரன்மகாதேவிப் பக்கம் காமராஜர் காரில் போனபோது ரயில்வே கேட்டில் நிற்க நேர்ந்தது என்றும், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனைப் ‘பள்ளிக்கூடம் போகலையா’ என்று கேட்டதற்கு, போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான் என்றும் ஒரு கதை நெல்லைச் சீமையில் வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும். குருகுலம் இருந்த அதே ஊரின் பெயரை மக்கள் இந்தக் கதைக்கும் பிடித்து வைத்திருப்பது வேடிக்கைதான். அதில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்று அதிகாரத்தில் இருப்பவர் கேட்கிறார். வீட்டு நிலவரம் பதிலாக வருகிறது. கேட்டவர் அதைச் சாக்காகக் கொள்ளாமல் சேதியாகக் கொள்கிறார்.

1954-இல் முதலமைச்சரான காமராஜர், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்ன இராஜாஜியின் திட்டத்தை முதலில் கைவிட்டார். நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரானார். மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கி வைத்தார். பள்ளியில் சோறு போடுவது தமிழ்நாட்டுக்கு அதுவே முதல்முறை அல்ல. சர் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுத்தது. கல்வி நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று அரசாங்கம் மறுத்ததால் 1925-இல் அது நின்றது. சேரன்மகாதேவிச் சண்டை நடந்த அதே ஆண்டு!

எட்டயபுரத்தில் தொடங்கிய திட்டத்தின் தனித்தன்மை அதன் பணத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஊரார் கொடுத்த தானியத்திலும் காசிலும் நடந்தது. பிறகு அரசு பங்கு போட்டபோது, ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கு வைத்து, ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள். நான்கு பைசா பெரிய தொகை இல்லை. ஆனால் அதை வசூலிக்க ஆசிரியர் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. கணக்கு கேட்டால் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை மரக்கால் கம்பு கொடுத்தேனே, என் பேரனுக்கு இன்றைக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்கும் வாய் ஊரில் இருந்தது. கரிசல்காட்டுச் சம்சாரிக்குக் கணக்கில் ஏமாறுகிற பழக்கம் இல்லை.

இதன் தொடர்ச்சியாக 1958-இல் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பார்க்க வேண்டும். இன்னின்ன குறை இருக்கிறது, பெஞ்சு இல்லை, கூரை ஒழுகுகிறது, சுவர்க்கடிகாரம் வேண்டும் என்று ஒவ்வொரு பள்ளிக்கும் பட்டியல் எழுதி, ஊர் கூடிய இடத்தில் வாசித்தார்கள். ஊரார் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு எழுந்து சொன்னார்கள். பெஞ்சின் முதுகில் ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொண்டார்கள் என்றால், எழுதிக்கொள்ளட்டும். பள்ளியின் குறையை ஆசிரியரே ஊர் நடுவில் வாய்விட்டுச் சொன்னது அதுவரை நடக்காத காரியம். குறையை மறைத்துவைத்துக் கௌரவம் தேடுகிற பழக்கம் அந்த மேடையில் கொஞ்சம் உடைந்தது.

குருகுலத்துக்கும் ஊரார் பணம் வந்தது, எட்டயபுரத்துக்கும் ஊரார் பணம் வந்தது. வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. மலேயாவிலிருந்து காசு அனுப்பியவர் சேரன்மகாதேவிச் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நான்கு பைசா கொடுத்தவர் பள்ளிக்கூட வேலிக்கு மேலே பார்த்துவிட்டுப் போகலாம். தங்கிப் படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு வந்தால்தான் வாய் திறக்கும். வீட்டுக்கு வருகிற பிள்ளை அன்றைக்குச் சாயங்காலமே குழம்பில் உப்பில்லை என்று சொல்லிவிடும். எட்டயபுரத்து ஏற்பாட்டில் யாருடைய நேர்மையையும் தனியாக நம்ப வேண்டியிருக்கவில்லை. செய்தி தானாகவே நடமாடியது. ஐயரின் நேர்மையில் அவர் எதிரிகளுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அப்படியிருந்தும் அது போதவில்லை.

ஆனால் எட்டயபுரத்தை மெச்சிக்கொண்டே போகவும் மனம் வரவில்லை. அந்த மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டதல்ல, ஏழைப் பிள்ளைகளுக்குப் போட்டது. யார் ஏழை என்று பிரித்தவர் ஆசிரியர். மணியடித்ததும் தூக்குவாளியைத் திறக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் ஒரு பக்கம் என்று வகுப்பு இரண்டானது. சாதியின் பெயரால் பிரிக்கவில்லை என்பது உண்மை. வறுமையின் பெயரால் பிரித்தது பல ஊர்களில் சாதிப் பிரிவினையோடு அப்படியே பொருந்திப் போயிற்று என்பதும் உண்மை. பிள்ளை பட்டினி கிடந்தாலும் அந்த வரிசையில் நிற்கவிடாத தாய்மார்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். அவர்களுடைய ரோஷத்தைத் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவிலும் இந்தக் கூச்சம் முழுக்கப் போகவில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுதுமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் உண்டு. தொடக்கத்தில் போட்ட பட்டியலில் திங்கட்கிழமைக்கு உப்புமா! பெரியார் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார். சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கிற பிள்ளையின் தாய். பெற்றோர் என்றும் பணியாளர் என்றும் இரண்டு தரப்பாக வைத்துப் பேசுகிற நம் வழக்கத்தை இந்த ஒரு நியமனம் கலைத்துவிட்டது. காலை எட்டு மணி வரை பள்ளியின் பணியாள், ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளையின் அம்மா, மாலையில் அதே தெருவில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற அக்கம்பக்கத்துக்காரி. மூன்றும் ஒருத்திதான்.

அப்படி ஒருத்தி சமைத்ததைத்தான் சில பெற்றோர் வேண்டாம் என்றார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற கிராமத்துத் தொடக்கப்பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதே மாதம் கரூர் மாவட்டத்திலும் இப்படி ஒன்று வெளிவந்தது. மதிய உணவு பிறந்த ஊருக்குப் பக்கத்திலா என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு எட்டயபுரத்தைவிடச் சேரன்மகாதேவிதான் நினைவுக்கு வந்தது. கோரிக்கை அச்சு மாறாமல் அதேதான்: எங்கள் பிள்ளைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். நூறாண்டு இடைவெளியில் கேட்டவர்களின் சாதி மாறியிருக்கிறது.

பதில்தான் வேறு. சமைக்கிறவரை மாற்றவில்லை, தனி ஏற்பாடு கொடுக்கவில்லை. தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, சமூகநலத் துறை அமைச்சர் கீதா ஜீவன், மாவட்ட ஆட்சியர் ஆகியோர் அந்தப் பள்ளிக்கு வந்து, அந்தப் பெண் சமைத்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐயர் ரகசியமாக ஒப்புக்கொண்டதை இவர்கள் எல்லார் கண்ணெதிரிலும் மறுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இது சரியான பதில். எனக்குள்ள குறை, அதைச் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பது. அமைச்சர் காரில் ஏறிப் போனபின் மறுநாள் காலையில் அடுப்புப் பற்றவைக்க வருவது அந்தப் பெண் மட்டும்தான்.

அங்கே இருந்திருக்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கு இடம் வைத்திருக்கிறது: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பல ஆண்டுகள் பேருக்கு இருந்த இந்தக் குழுக்களைத் தமிழக அரசு 2022-இல் திரும்ப அமைத்தது. மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை அன்று எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டி விளக்கம் சொன்னார்கள். அப்போது அமைத்த இருபது பேர் கொண்ட குழுவில் பதினைந்து பேர் பெற்றோர். தலைமையாசிரியர் அதில் உறுப்பினர், ஆனால் தலைவர் அல்ல. தலைவர் ஒரு தாய். கூட்டத்தில் பேசியதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பீடி சுற்றுகிற தாய்க்கும் வயல் வேலைக்குப் போகிற தாய்க்கும் பிற்பகல் மூன்று மணிக் கூட்டம் என்றால் அரை நாள் கூலி போகிறது. தீர்மானத்தை ஆசிரியரே எழுதிவைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிற பள்ளிகளும் உண்டு. இப்போது செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது என்கிறார்கள். அந்தக் கைபேசி பெரும்பாலும் தகப்பன் சட்டைப்பையில் வேலைக்குப் போயிருக்கும். அதிலும் விடுமுறை, கட்டுரைப் போட்டி, ஆதார் அட்டை நகல் இவைதாம் வரும், தகராறு வராது. தகராறுக்கு ஆள் நேரில் வேண்டும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து உடன்படித்தவர்களே வெட்டியபின், நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். மறு ஆண்டு ஜூனில் அறிக்கை வந்தது. மணிக்கட்டில் கட்டுகிற சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் இருக்கிற சாதி, ஆசிரியர் நியமனம் என்று பலவற்றையும் அது பேசுகிறது. மேல்வகுப்பில் வெடிப்பதற்குத் தொடக்கப்பள்ளியிலேயே மருந்து கிட்டிக்கப்படுகிறது என்பது இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல. யார் கையால் சாப்பிடலாம், யார் கையால் கூடாது என்பது ஐந்து வயதில் வீட்டில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அதைப் பள்ளிக்குள் கொண்டுவரும் பெற்றோரிடம் பேசத்தான் வேண்டும். பேசுவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. ஐயர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

1923-இல் சேரன்மகாதேவியில் இப்படி ஒரு குழு இருந்ததாக வைத்துக்கொள்வோம். பதினைந்து பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் பிராமணரல்லாதார், ஓமந்தூராரும் வந்திருக்கிறார். இரண்டு பேர் எழுந்து, உங்கள் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள், தீர்மானமாக எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். கேட்டிருந்தால் அந்த இருவரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்றே ஊர் திரும்பியிருப்பார்கள். குருகுலத்துக்கு இரண்டு பிள்ளைகள் குறைந்திருக்கும்.